தனி உலை வைத்தால் என்னென்ன பிரியும்?

1965 ஆகஸ்ட் 9 காலை, கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் எழுந்து, சிங்கப்பூர் இனி மலேசியாவில் இல்லை என்று அறிவித்தார். அரசமைப்புத் திருத்தம் அன்றே மக்களவையில் 126 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. பிரிவு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது அதற்கு இரண்டு நாள் முன்புதான்.

சரி, மறுநாள் காலையில் என்ன மாறியிருந்தது? கிள்ளானில் அரிசி வாங்கியவர் நீட்டிய வெள்ளியும், சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் அரிசி வாங்கியவர் நீட்டிய வெள்ளியும் ஒரே வாரியம் வெளியிட்ட நோட்டுகள்தாம். ஜொகூர் கடற்பாலத்தில் கடப்பிதழ் கேட்க ஆளில்லை. ரயில் வழக்கம்போலத் தஞ்சோங் பகார் வரை ஓடியது. விமான நிறுவனம் ஒன்று, பங்குச் சந்தை ஒன்று, குழாயில் வரும் தண்ணீரும் ஒன்று. கொடிக்கம்பத்தில் ஏறியது மட்டும்தான் வேறு.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு 2020 ஜனவரி 31 அன்று வெளியேறியபோது நம் ஊர்ப் பத்திரிகைகளும் பக்கம் பக்கமாக எழுதின. ஒரு நாடு ஒரு கூட்டைவிட்டுப் போனால் சாதாரண மனிதருக்கு என்ன ஆகும் என்று பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம்மிடமே அறுபது ஆண்டு அனுபவம் இருக்கிறது. மலேசியா கூட்டரசு, ஐரோப்பிய ஒன்றியம் நாடுகளின் கூட்டு, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் பொதுச் சந்தை, பொது நாணயம், தடையில்லாத போக்குவரத்து ஆகியவை கழன்று விழும் விதம் இரண்டிலும் ஒரே மாதிரிதான்.

கூட்டுக் குடும்பத்துச் சமையலறை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் குடும்பத்துக்கும் தம்பி குடும்பத்துக்கும் ஒரே உலை. சம்பளப் பணம் ஒரே டப்பாவில் விழுகிறது. சரக்கறைக்குப் பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் பருப்பை அள்ளிக்கொள்ளலாம். கட்டுக்கும் கட்டுக்கும் நடுவே தாழ்ப்பாள் இல்லை. தெருவைப் பார்த்து ஒரே வாசல். மீன்காரரும் கீரைக்காரம்மாவும் அங்கேதான் பேரம் பேச வேண்டும். ஆட்டுக்கல், அண்டா, இட்லிக் கொப்பரை எல்லாம் பொது. பின்கட்டில் ஒரு கிணறு. இதில் ஒருவர் “இன்று முதல் எங்களுக்குத் தனி உலை” என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். டப்பாவில் இருப்பதை எண்ணிப் பிரிக்க ஒரு வாரம் ஆகும். ஆட்டுக்கல் யாருக்கு என்று தீர ஒரு வருடம். கிணற்றுப் பங்கில் பேரப்பிள்ளைகள் வரை சண்டை நடக்கும். சிங்கப்பூரும் மலேசியாவும் பிரிந்தது ஏறக்குறைய இதே வரிசையில்தான்.

வாசலில் தொடங்கிய பிரச்சினை

முதலில் வாசலைப் பார்ப்போம், ஏனென்றால் பொதுச் சந்தை என்பதே வாசலைப் பற்றிய ஏற்பாடுதான்.

உள்ளே தாழ்ப்பாள் இல்லாத வீட்டுக்கு வாசல் கணக்கு ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். அண்ணன் பக்கம் ஒரு வாசல், தம்பி பக்கம் ஒரு வாசல் என்று வைத்து, அண்ணன் பக்கத்தில் மட்டும் மீனுக்கு வரி கேட்டால், மீன்காரர் தம்பி வாசல் வழியாகத்தான் கூடையை இறக்குவார். மீன் உள்வழியாக அண்ணன் சட்டிக்கு வந்து சேரும். அண்ணனுக்கு வரியும் கிடைக்காது, அவர் தோட்டத்துக் குளத்து மீனும் விலை போகாது. அதனால்தான் சுங்க ஒன்றியம் என்று எதை அமைத்தாலும் வெளியாருக்கு ஒரே தீர்வை, உள்ளே தீர்வையே இல்லை என்று இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள்.

சிங்கப்பூர் வரியில்லாத் துறைமுகமாகவே வளர்ந்த ஊர். கப்பலில் வந்ததை இறக்கி, பிரித்து, கட்டி, வேறு கப்பலில் ஏற்றி அனுப்புவதில்தான் அதன் பிழைப்பு. வாசல் திறந்தே இருந்தால்தான் அதற்குக் கூலி. கோலாலம்பூருக்கு அப்போது வேறு கவலை. பெட்டாலிங் ஜெயாவில் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. வெளிநாட்டுச் சரக்குக்குத் தீர்வை போட்டால்தான் அவை நிற்கும். 1963 மலேசிய ஒப்பந்தத்தில் பொதுச் சந்தைக்கென்று தனி இணைப்பே சேர்த்தார்கள். பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் ழாக் ரூயெஃப் தலைமையில் வந்த உலக வங்கிக் குழுவின் அறிக்கை அதற்கு அடிப்படை. படிப்படியாகச் சந்தையைத் திறப்பது, பதிலுக்குச் சிங்கப்பூர் தன் வரி வருவாயில் 40 விழுக்காட்டை நடுவண் அரசுக்குக் கொடுப்பது, சபா சரவாக் வளர்ச்சிக்குக் கடன் தருவது என்பது பேச்சு. பணம் கேட்பதில் இருந்த வேகம் சந்தையைத் திறப்பதில் இல்லை என்று சிங்கப்பூர் முணுமுணுத்தது. பங்கைக் கொடுக்காமலே சந்தையைக் கேட்கிறார்கள் என்று கோலாலம்பூர் முணுமுணுத்தது. 1964 இனக் கலவரங்களும் கட்சிச் சண்டையும்தான் பிரிவின் முதன்மைக் காரணங்கள். ஆனாலும் வாசல் கணக்கு தீர்ந்திருந்தால் சண்டையில் ஒரு தலைப்பு குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பிரிந்ததும் சரக்கறைக்குப் பூட்டு வந்தது. இரு அரசுகளும் மற்றவரின் ஆலைப் பொருள்களுக்குத் தீர்வையும் ஒதுக்கீடும் விதித்தன. சிங்கப்பூரில் அப்போது சுமார் 19 லட்சம் பேர். தீபகற்பத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஆலை கட்டியவருக்குத் திடீரென்று வாடிக்கையாளரில் பெரும்பகுதி வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். சிங்கப்பூர் உலகச் சந்தையைப் பார்த்துத் திரும்பியது இந்த நெருக்கடியில்தான்.

இந்தப் பக்கம் நடந்ததைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் வசிப்பவர் இன்றும் கண்ணால் பார்க்கலாம். இரண்டு சமையலறை என்றால் இரண்டு ஆட்டுக்கல் வாங்கியாக வேண்டும். கார் பொருத்தும் ஆலை சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் போர்க்காலத்துக்கு முன்பே ஃபோர்டு வைத்திருந்தது. மலேசியா தன் மண்ணில் பொருத்த வேண்டும் என்று முடிவெடுத்தது. 1967இல் ஷா ஆலம் பத்து தீகாவில் வால்வோ கார்களைப் பொருத்தும் ஆலை இயங்கத் தொடங்கியது. வேலை கிடைத்தது உண்மை. கார் விலையில் அந்த இரட்டைச் செலவும் சேர்ந்தது என்பதும் உண்மை. பினாங்கின் வரியில்லாத் துறைமுகத் தகுதியும் 1969இல் போயிற்று. ஒரே வாசல் வேண்டும் என்று முடிவெடுத்த வீட்டில் சொந்தப் பிள்ளைக்கு மட்டும் தனி வாசல் விடுவது கடினம்.

அதுவரை சிங்கப்பூர் வழியாகப் போன சரக்கு நம் துறைமுகம் வழியாகவே போக வேண்டும் என்ற கொள்கையில் வளர்ந்தது கிள்ளான் துறைமுகம். போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பழைய பெயர் 1972இல் மாறியது. மறு ஆண்டே கொள்கலன் கப்பல்கள் வரத் தொடங்கின. 2024இல் அங்கே கையாண்டது 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இருபதடிக் கொள்கலன்களுக்குச் சமம். அதே ஆண்டு சிங்கப்பூரில் 4 கோடியே 10 லட்சம். பிரிவு யாருக்கு லாபம் என்று காப்பிக்கடையில் வாதாடுகிறவர்கள் இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிரியாமல் இருந்திருந்தால் கிள்ளானில் இவ்வளவு பெரிய துறைமுகம் எழுந்திருக்குமா என்பது சந்தேகமே.

டப்பாவைப் பிரித்த கதை

தெருவில் இருப்பவரை உண்மையில் உலுக்கியது பணம்தான். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் மறந்துவிட்டார்கள்.

மலாயா, சிங்கப்பூர், சரவாக், பிரிட்டிஷ் வட போர்னியோ, புருணை எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளி. நாணய ஆணையர் வாரியம் ஒன்று அதை வெளியிட்டு வந்தது. அந்த வெள்ளிக்குப் பின்புலமாக வாரியம் வைத்திருந்தது பிரிட்டிஷ் பவுண்டை. பிரிந்த பிறகும் ஓராண்டுக்கு மேல் பொது நாணயத்தையாவது காப்பாற்றலாமா என்று பேசிப் பார்த்தார்கள். டப்பா ஒன்று, சாவி யாரிடம் என்பதில் பேச்சு முறிந்தது. தனித்தனி நாணயம் என்று 1966 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 1967 ஜூன் 12 அன்று மலேசியாவின் பேங்க் நெகாரா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனி வெள்ளி வெளியிட்டன. பயப்படாதீர்கள், மூன்றும் வெள்ளிக்கு வெள்ளி மாறும், பழைய நோட்டும் செல்லும் என்றார்கள். அதனால் அவசரமாக மாற்றத் தேவையில்லை என்று மக்கள் பழைய நோட்டைக் கையிலேயே வைத்திருந்தார்கள். வங்கிக்குப் போய்ப் பழகியவர்கள் மாற்றிக்கொண்டார்கள். தோட்டத்து லயத்தில் தகர டப்பாவிலும் சேலை மடிப்பிலும் சேமித்தவர்கள் மாற்றவில்லை.

ஐந்து மாதம் கழித்து, 1967 நவம்பர் 18 அன்று, லண்டன் பவுண்டின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. புதிய வெள்ளிகள் அசையவில்லை. பழைய வெள்ளி பவுண்டோடு கட்டப்பட்டிருந்ததால் அதோடு சேர்ந்து விழுந்தது. ஒரு பழைய வெள்ளி கொடுத்தால் 85 காசுதான் என்று அறிவிப்பு வந்தது. நூறு வெள்ளி சேர்த்து வைத்திருந்தவருக்கு ஒரே இரவில் பதினைந்து வெள்ளி போயிற்று. கடைக்காரர்கள் பழைய நோட்டை வாங்கத் தயங்கினார்கள். பினாங்கில் தொழிலாளர் கட்சி நவம்பர் 24 அன்று கடையடைப்புக்கு அழைத்தது; அது கலவரமாகி, ஊரடங்கு போட்டு, உயிர்ச்சேதம் வரை போனது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட யாரும் அந்தப் பதினைந்து காசை வேண்டுமென்று பறிக்கவில்லை. டப்பா ஒன்றாக இருந்தவரை நோட்டின் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க வேண்டியிருக்கவில்லை; பிரித்ததும் ஒவ்வொரு நோட்டுக்கும் ஊர் பேர் வந்துவிட்டது. ஒரு கூட்டு கலையும்போது செய்தி கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில்தான் இழப்பு முதலில் விழுகிறது. லயத்துத் தகர டப்பாவுக்கு லண்டன் செய்தி போய்ச் சேர்ந்தபோது நோட்டு ஏற்கெனவே 85 காசு.

வெள்ளிக்கு வெள்ளி என்ற ஏற்பாடு 1973 மே 8 வரை நீடித்தது. அதன் பிறகு மலேசியா விலகிக்கொண்டது. சிங்கப்பூரும் புருணையும் மட்டும் இன்றுவரை அதே ஏற்பாட்டில் இருக்கின்றன. புருணை நோட்டைச் சிங்கப்பூர்க் கடையில் அதே மதிப்பில் நீட்டலாம். பிரிக்பீல்ட்ஸ் பணமாற்றுக் கடைப் பலகையில் இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல். ஐம்பது ஆண்டில் வந்த இந்த இடைவெளிதான் ஜொகூர் பாருவில் விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிள்களைக் கடற்பாலத்தில் வரிசை கட்ட வைக்கிறது.

தாழ்ப்பாள்

ஆள் போக்குவரத்தில் மாற்றம் மெதுவாகத் தொடங்கி வேகமாக முடிந்தது. 1967இல் உட்லண்ட்ஸில் குடிநுழைவுச் சோதனை வந்தது; மலேசியப் பக்கமும் பின்தொடர்ந்தது. அதுவரை அக்கா வீட்டு வளைகாப்புக்குப் போவதுபோல் போனவர்கள் வரிசையில் நின்றார்கள். எல்லாரும் முழுக் கடப்பிதழ் எடுக்க முடியாது என்பதால், சிங்கப்பூருக்குப் போகமட்டும் செல்லும் கட்டுப்படுத்தப்பட்ட கடப்பிதழ் ஒன்றை மலேசியா கொடுத்து வந்தது. விலை குறைவு, 2005 வரை இருந்தது. பல வீடுகளில் இன்னும் அலமாரி அடியில் கிடக்கும்.

வேலைதான் பெரிய சங்கதி. குடிமகன் அல்லாதவர் வேலை செய்ய அனுமதி வேண்டும் என்று சிங்கப்பூர் 1965 கடைசியிலேயே சட்டம் போட்டது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் ஏராளம்; அவர்களில் பலருக்கு வீடு தீபகற்பத்தில், வேலை தீவில். ஒரே குடும்பத்தில் பிறந்த இடத்தையும் பதிந்த தேதியையும் பொறுத்து ஆளுக்கொரு குடியுரிமை ஆயிற்று. அடையாள அட்டையின் நிறமே குழப்பம்: மலேசியாவில் நீல அட்டை என்றால் குடிமகன், சிங்கப்பூரில் நீல அட்டை என்றால் நிரந்தரவாசி, குடிமகனுக்கு இளஞ்சிவப்பு. அண்ணனும் தம்பியும் ஒரே நிற அட்டையைக் காட்டினாலும் இருவருக்கும் கிடைக்கும் மரியாதை வேறு.

மலேசியாவும் 1968இல் இதே போன்ற வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் வேலை அனுமதி கிடைக்காமல் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குத் திரும்பினார்கள். சுமார் 60,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதைச் சிங்கப்பூர்ப் பிரிவின் கணக்கில் எழுதக் கூடாது, அதன் அரசியல் வேறு. ஆனால் யார் வீட்டார், யார் வெளியார் என்று தாளில் எழுதத் தொடங்கிவிட்டால், தாள் இல்லாதவர்தான் முதலில் திண்ணையில் நிற்கிறார்.

நம் மொழிக்கு நேர்ந்ததையும் ஒரு வரி சொல்ல வேண்டும். கோ. சாரங்கபாணி 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசும், அதன் மாணவர் மணிமன்றமும் இரு பக்கத்துக்கும் பொது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வேண்டும் என்று ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது இரு பக்கத்துத் தமிழரும் கொடுத்தார்கள். 1956இல் சிங்கப்பூரில் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறை, பிரிவுக்கு முன்பே கோலாலம்பூர் வளாகத்துக்கு வந்துவிட்டது. பிறகு தாழ்ப்பாள் விழுந்தபோது துறை இந்தப் பக்கம், அதற்காக எழுதிய பத்திரிகை அந்தப் பக்கம்.

பொதுப் பாத்திரங்கள்

விமானமும் பங்குச் சந்தையும் பிரிந்த கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 1972 அக்டோபர் 1 முதல் இரண்டானது. கோலாலம்பூர் உள்நாட்டுத் தடங்களை வளர்க்க விரும்பியது. உள்நாடே இல்லாத சிங்கப்பூருக்கு உலகத் தடங்கள் தேவைப்பட்டன. இருவரின் பசியும் வேறுவேறாக இருந்ததால் அண்டாவைப் பிரிப்பது எளிதாயிற்று. பொதுப் பங்குச் சந்தை, வெள்ளிக்கு வெள்ளி ஏற்பாடு முடிந்த 1973லேயே பிரிந்தது. ஆனாலும் மலேசிய நிறுவனப் பங்குகள் 1990 வரை சிங்கப்பூரிலும் பட்டியலில் இருந்தன. அதன் வால் 1998 நிதி நெருக்கடி வரை நீண்டு, சிங்கப்பூரில் மலேசியப் பங்கு வாங்கியிருந்த பல்லாயிரம் பேரின் பணம் சிக்கிக்கொண்டது தனிக்கதை.

ரயில் அப்படி இல்லை. ரயில் பாதையைத் தூக்கிக்கொண்டு வர முடியாது.

பிரிக்பீல்ட்ஸ் என்றாலே ரயில்வே. இன்று கேஎல் சென்ட்ரல் நிற்கும் இடம் பழைய ரயில் யார்டு. எதிரே ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வரிசைகளில் யாழ்ப்பாணத் தமிழரும் இந்தியத் தமிழரும் தலைமுறையாகக் குடியிருந்தார்கள். அவர்கள் வேலை செய்த தடம் தெற்கே தஞ்சோங் பகாரில் முடிந்தது. 1932இல் திறந்த அந்த நிலைய முகப்பில் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் என்று நான்கு வெள்ளைப் பளிங்குச் சிலைகள். 1965இல் நாடு பிரிந்தது. தடமும் நிலையமும் அதன் கீழிருந்த நிலமும் மலேசிய ரயில்வேயின் கையிலேயே இருந்தன. தம்பி வீட்டு நடுக்கூடத்தில் அண்ணனின் ஆட்டுக்கல். நகர்த்தவும் முடியாது, அரைக்காமல் விடவும் முடியாது.

1990இல் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதைப் புரிந்துகொள்வதில் இருபது ஆண்டு தகராறு. 1998 ஆகஸ்டில் சிங்கப்பூர் தன் குடிநுழைவைத் தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியா மறுத்து அங்கேயே இருந்தது. அதனால் வேடிக்கையான ஒரு பயணம் உருவானது. கோலாலம்பூர் ரயிலுக்குத் தஞ்சோங் பகாரில் ஏறியவர் முதலில் மலேசியாவுக்குள் நுழைந்ததாகப் பதிவு செய்துகொண்டார். அரை மணிக்கு மேல் ஓடிய பிறகு உட்லண்ட்ஸில் இறங்கிச் சிங்கப்பூரை விட்டு வெளியேறினார். இடையில் அவர் எந்த நாட்டில் இருந்தார்? சட்ட வல்லுநர்களுக்கு நல்ல வேலை. கடப்பிதழில் மலேசிய அதிகாரிகள் முத்திரை குத்தவில்லை என்பது கூடுதல் வினோதம்.

2010 மே மாதம் இரு நாட்டுப் பிரதமர்கள் நஜிப் துன் ரசாக்கும் லீ சியன் லூங்கும் கணக்கை முடித்தார்கள். ரயில் நிலத்தை விட்டுக்கொடுத்த மலேசியாவுக்கு, அதற்கு ஈடாகச் சிங்கப்பூரின் நடு நகரில் எழும் கட்டடங்களில் பங்கு. மலேசியாவின் கஸானா 60 விழுக்காடு, சிங்கப்பூரின் தெமாசெக் 40 விழுக்காடு என்று கூட்டு நிறுவனம். 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட கடைசி ரயிலை ஜொகூர் சுல்தான் இப்ராஹிமே ஓட்டினார். நாடு பிரிந்து 46 ஆண்டுக்குப் பிறகு ஒரு பொதுப் பாத்திரத்துக்குத் தீர்ப்பு.

மீண்டும் ஒரு கதவு

பிரிட்டனுக்கு வருகிறேன். அவர்கள் பேச எடுத்துக்கொண்டது ஆண்டுக்கணக்கு. வணிக ஒப்பந்தம் முடிந்தது 2020 டிசம்பர் 24 அன்று, கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது. அடுத்த ஜனவரியிலேயே நெதர்லாந்துத் துறைமுகத்தில், பிரிட்டனிலிருந்து வந்த லாரி ஓட்டுநர்களின் மதியச் சாப்பாட்டுப் பன்றி இறைச்சி ரொட்டியைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்த காட்சியை உலகமே பார்த்துச் சிரித்தது. சிரிக்க ஒன்றுமில்லை. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி இறைச்சியும் பாலும் கொண்டுவரக் கூடாது என்ற விதி முன்பே இருந்தது. பிரிட்டன் உள்ளே இருந்தவரை அந்த விதி வேறு யாருக்கோ எழுதியது. வெளியே வந்ததும் அவர்களுக்கும் சேர்த்து எழுதியதாயிற்று.

இதைவிட நுட்பமான தொல்லை ஒன்று உண்டு. தீர்வையே இல்லை என்று ஒப்பந்தம் போட்டாலும், எந்தப் பொருளுக்கு என்ற கேள்வி வரும். தம்பி வீட்டு அம்மியில் அரைத்த மசாலாவுக்கு அண்ணன் வாசலில் வரி கிடையாது என்று வைப்போம். மிளகாய் வெளியில் வாங்கியது, மல்லி வெளியில் வாங்கியது, அரைத்தது மட்டும் இங்கே என்றால் அது யார் வீட்டு மசாலா? ஒரே வீடாக இருந்தபோது யாரும் கேட்காத கேள்வி இது. ஆசியான் சுதந்திர வணிக வட்டாரத்தில் பொதுவான அளவு 40 விழுக்காடு: பொருளின் மதிப்பில் அவ்வளவாவது உறுப்பு நாடுகளில் உருவாகியிருக்க வேண்டும். அதை நிரூபிக்கத் தாள், தாளைச் சரிபார்க்க அதிகாரி, அதிகாரிக்காகக் காத்திருக்கும் லாரி. பெரிய நிறுவனத்துக்கு இதற்கென்று ஒரு பிரிவே இருக்கும். கிள்ளானில் மசாலா அரைத்து ஏற்றுமதி செய்ய நினைக்கும் சிறு முதலாளிக்கு முதலாளி, கணக்கர், சுங்கத் தாள் எழுதுபவர் எல்லாம் ஒருவரே.

ஆசியான் 1967 ஆகஸ்டில் பிறந்தபோது மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்தே நிறுவனர்கள். அடுப்பைப் பிரித்து இரண்டு வருடத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள். 2025 அக்டோபரில் கோலாலம்பூர் மாநாட்டில் கிழக்குத் திமோர் பதினோராவது உறுப்பினரானது. இதுவரை யாரும் வெளியேறியதில்லை; வெளியேறும் வழி ஆசியான் சாசனத்தில் எழுதவும் இல்லை. பிரிட்டனும் 2024 டிசம்பரில் மலேசியா உறுப்பினராக உள்ள பசிபிக் வணிக ஒப்பந்தத்தில் சேர்ந்துகொண்டது. தனி உலை வைத்த கையோடு அடுத்த பந்தி தேடுவது எல்லா ஊரிலும் வழக்கம்தான்.

ஆனால் எந்த ஒப்பந்தமும் பழைய பூட்டில்லாச் சரக்கறையைத் திருப்பித் தராது. 2022 ஜூன் 1 அன்று மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. தீவன விலை ஏறி உள்ளூரில் கோழி தட்டுப்பாடு. மாதம் 36 லட்சம் கோழிகள் எல்லை தாண்டக் கூடாது என்று உத்தரவு. சிங்கப்பூரின் கோழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இங்கிருந்து போனது. கோழிச்சோற்றுக் கடைகள் உறைந்த இறைச்சிக்கு மாறின, சில கதவடைத்தன. உயிருள்ள கறிக்கோழி மறுபடி போனது அக்டோபரில்தான். தன் பிள்ளைகளுக்குப் போக மிச்சம்தான் பக்கத்து வீட்டுக்கு என்று முடிவெடுத்த அரசை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே நாடாக இருந்திருந்தால் தட்டுப்பாட்டைப் பகிர்ந்திருப்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் சிறிய வித்தியாசம் இல்லை.

இப்போது இரு பக்கமும் சுவரில் ஜன்னல் வைத்துக்கொண்டிருக்கின்றன. ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு 2025 ஜனவரியில் கையெழுத்தானது. புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் நான்கு கிலோமீட்டர் விரைவு ரயிலில் இரு நாட்டுக் குடிநுழைவும் ஒரே இடத்தில் முடியும் என்பது திட்டம். தஞ்சோங் பகார் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒரு வசதியே பெரிது.

கிணறு மட்டும் பாக்கி. பிரிவு ஒப்பந்தத்திலேயே 1961, 1962 தண்ணீர் ஒப்பந்தங்களுக்கு இரு தரப்பும் உத்தரவாதம் கொடுத்து, அதை ஐ.நா.விலும் பதிந்துவைத்தார்கள். 1961 ஒப்பந்தம் 2011இல் காலாவதியானது. 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். ஆயிரம் கேலனுக்கு 3 காசு. சுத்திகரித்த தண்ணீரில் ஒரு பகுதியை ஆயிரம் கேலன் 50 காசு என்று ஜொகூர் திருப்பி வாங்குகிறது. இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு விலையை மறுஆய்வு செய்யலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. 1987இல் கேட்காததால் உரிமை போயிற்று என்கிறது சிங்கப்பூர். போகவில்லை என்கிறது மலேசியா. 3 காசு 3 காசாகவே இருக்கிறது. ஒப்பந்தம் முடிவது 2061இல்.